தூக்கமில்லை என்று தொடங்கிய தேடல்

என்னிடம் 80 பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. அட்டையில் ‘பால் கணக்கு’ என்று சித்தியின் கையெழுத்து. முதல் நான்கு பக்கங்களில் உண்மையிலேயே பால் கணக்குத்தான். ஐந்தாம் பக்கத்திலிருந்து என் தம்பியின் கணக்கு: எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கோயில், யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள், எவ்வளவு ஆயிற்று. தம்பி என்றால் சித்தப்பா மகன். அப்போது அவனுக்கு வயது 24.

இந்தக் கட்டுரை அந்த நோட்டிலிருந்து எழுதுவது. யார் பெயரையும் போடவில்லை. ஊரையும் திருச்சி பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எழுதலாம் என்று சொன்னவன் அவன்தான். எழுதியதை முதலில் தன்னிடம் காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டான்.

2021 செப்டம்பரில் அவன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். 2022 நவம்பரில்தான் ஒரு மனநல மருத்துவரின் எதிரே போய் உட்கார்ந்தோம். நடுவில் 14 மாதம். அந்த மருத்துவர் வாரா வாரம் வந்து உட்கார்ந்த அரசு மருத்துவமனை எங்கள் வீட்டிலிருந்து 11 கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம். அந்த 11 கிலோமீட்டரைக் கடக்க எங்களுக்கு ஏன் 14 மாதம் பிடித்தது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

எதைத் தேடினோம்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். திடீரென்று ஒருநாள் பையோடு வந்து இறங்கினான். ‘லைன்ல எல்லாரும் என்னைப் பத்தியே பேசுறாங்க’ என்றான். யாரோ சண்டை போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் போனிலிருந்து சிம்மைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டான். டிவியின் மேல் போர்வையைப் போர்த்தினான். ராத்திரி இரண்டு மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு நிற்பான். கேட்டால், ‘கூப்பிட்டாங்க, உங்களுக்குக் கேக்கலையா?’ என்பான்.

இதையெல்லாம் வெளியே சொல்லும்போது சித்தி சுருக்கி ஒரே வார்த்தையாக்கிவிடுவார்: ‘தூக்கமில்ல அவனுக்கு.’ அது பொய்யில்லை. தூக்கமும் இல்லைதான். ஆனால் எங்கள் வீட்டில் ‘தூக்கமில்லை’ என்ற சொல்லுக்கும் ‘பைத்தியம்’ என்ற சொல்லுக்கும் நடுவில் வேறு சொல்லே கிடையாது. முதலாவதைச் சொல்லலாம், வெட்கமில்லை. இரண்டாவதைச் சொன்னால் அவன் அக்காவுக்குப் பார்த்துக்கொண்டிருந்த வரன் போய்விடும். அதனால் தூக்கத்துக்கான வைத்தியத்தைத் தேடிக் கிளம்பினோம். தேடியது கிடைக்கவும் செய்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்டர் 10 நாளைக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். 10 நாள் தூங்கினான். பதினோராம் நாள் பழையபடி கொல்லைக் கதவு.

அடுத்து ‘நரம்பு டாக்டர்’. நம் ஊரில் இது ஒரு பெரிய குழப்பம். மூளை, நரம்பு நோய்களைப் பார்ப்பவர் நரம்பியல் மருத்துவர். மனநோய்க்கு மருந்து தருபவர் மனநல மருத்துவர், அவரும் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கென்று மேற்படிப்பு படித்தவர். உளவியலாளர் என்பவர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர், மாத்திரை எழுதுவதில்லை. எங்களுக்கு மூவரும் ஒருவரே. நரம்பியல் மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், தலையில் ஒயர் ஒட்டி வரைபடம் எடுக்கச் சொன்னார். எல்லாம் பார்த்துவிட்டு, ‘நரம்புல ஒண்ணும் இல்லையே, நார்மல்தான்’ என்று கவரைத் திருப்பிக் கொடுத்தார். சித்தப்பா அன்று மாலை ஊர் முழுக்க ‘ஒண்ணும் இல்லையாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். ‘எங்கிட்ட இல்ல, மனநல மருத்துவர்கிட்ட காட்டுங்க’ என்று அவர் ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும். அவரை மட்டும் குறை சொல்லவில்லை. நாங்கள் போன எந்த இடத்திலும் அந்த வரியை யாரும் சொல்லவில்லை. அவரவர் கையில் இருந்ததைக் கொடுத்து அனுப்பினார்கள்.

குணசீலத்தில் ஒரு அம்மா

2022 பிப்ரவரியில் குணசீலம் போனோம். திருச்சியிலிருந்து சேலம் போகிற சாலையில், காவிரிக் கரையில் இருக்கிற பிரசன்ன வேங்கடாசலபதி கோயில். மனம் பாதிக்கப்பட்டவர்களை அங்கே 48 நாள் தங்க வைப்பது வெகுகால வழக்கம். பூஜை முடிந்ததும் வரிசையாக உட்கார வைத்து முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். நாங்கள் 48 நாள் இருக்கவில்லை, மூன்று நாள்தான்.

கோயிலுக்குப் போனது மூடநம்பிக்கை, நேரத்தை வீணாக்கிவிட்டோம் என்று எழுதினால் படிப்பவர்களுக்குப் பிடிக்கும். எனக்கு அப்படி எழுத வரவில்லை. அந்த மண்டபத்தில்தான் சித்தி முதல்முதலாக இன்னொரு தாயோடு இதைப் பற்றிப் பேசினார். கரூர் பக்கத்து அம்மா, அவருக்கு ஒரு மகள். ‘கவர்மென்ட் ஆஸ்பத்திரி மாத்திரையும் குடுக்கறேன், இங்கயும் கூட்டிட்டு வர்றேன். ரெண்டும் வேணும்ங்க’ என்று அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. அதை நோட்டில் எழுதியிருக்கிறேன். இப்போது பார்த்தாலும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. 14 மாதத் தேடலில் எங்களுக்குக் கிடைத்த முதல் சரியான தகவல் அதுதான். எழுதிவிட்டு ஒன்பது மாதம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ ஒரு அம்மா சொன்னதுதானே என்று விட்டுவிட்டோம்.

மனம் பாதிக்கப்பட்டவர்களை இதேபோல் கூட்டிப்போகிற ஏர்வாடி தர்காவில், மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே போகட்டும் என்று அரசு மனநலப் பிரிவு பக்கத்திலேயே நடத்தப்படுகிறது. எனக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. ஆட்கள் எங்கே போகிறார்களோ, தகவல் அங்கே போய் நிற்க வேண்டும்.

மந்திரிப்பவருக்குக் கொடுத்த 18,000 ரூபாயைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோழி, எலுமிச்சம்பழம், தகடு. நோட்டில் அரைப் பக்கம்கூட இல்லை.

அந்த இல்லம்

2022 ஜூன். சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, வேறொரு மாவட்டத்தில் ஒரு ‘மனநல இல்லம்’. மாதம் 12,000, முன்பணம் தனி. கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொல்லிக் காரில் ஏற்றினோம். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்தான்.

ஒரு மாதத்துக்குப் பார்க்க வரக்கூடாது என்றார்கள். இரண்டாம் வாரமே அவன் அக்கா போய் நின்றாள். உள்ளே விடவில்லை. ஐந்தாவது வாரம் நானும் அவளுமாகப் போய், கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். அழைத்து வந்து நிறுத்தினார்கள். பத்து கிலோ குறைந்திருப்பான். லுங்கிக்குக் கீழே இடது கணுக்காலைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம், தோல் காய்த்துப்போய். அவள் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். யாரும் எதுவும் பேசவில்லை. அன்றே கூட்டிவந்துவிட்டோம். மீதிப் பணத்தைக் கேட்கவும் தோன்றவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று விடிகாலை ஏர்வாடியில் இப்படி ஒரு கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அந்தச் செய்தி வந்தபோது நான் ஸ்கூல் பையன், பேப்பரில் படம் பார்த்த ஞாபகம் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று அதன் 95ஆம் பிரிவு சொல்கிறது. மனநல நிறுவனம் நடத்துகிற எவரும் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 65ஆம் பிரிவு. ‘உங்க பதிவுச் சான்றிதழைக் காட்டுங்க’ என்று வாசலில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கலாம் என்பதே தெரியாது. ஏ.சி. அறை இருக்கிறதா, சாப்பாடு சைவமா என்றெல்லாம் கேட்டோம்.

இதன் விளைவு அடுத்த நாலு மாதம் தெரிந்தது. வாசலில் கார் சத்தம் கேட்டால் பரணில் ஏறிக்கொள்வான். எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டான். ‘சிகிச்சைக்கு மறுத்தான்’ என்று நோட்டில் மூன்று இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அதுவரை ஆன செலவு: முதல் டாக்டருக்கும் மாத்திரைக்கும் 1,800. ஸ்கேனோடு சேர்த்து நரம்பு டாக்டருக்கு 9,300. கோயில் பயணம் 4,300. மந்திரிப்பு 18,000. இல்லத்துக்கு 30,000. கார் வாடகை 8,000. ஆக 71,400 ரூபாய், சித்தியின் இரண்டு வளையல் அடகில்.

23 நிமிடம்

சித்தப்பாவுக்குப் பிரஷர். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்ததிலிருந்து தன்னார்வலர் அக்கா ஒருவர் மாதா மாதம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். இத்தனை நாளும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்தவர்தான். நாங்கள் அவரிடம் சொன்னதில்லை, அவர் கேட்டதில்லை. நவம்பர் முதல் வாரம் அவர் வந்தபோது உள்ளே தம்பி கத்திக்கொண்டிருந்தான். சித்தி கதவைச் சாத்தப் போனார். ‘ஏன்க்கா மறைக்கிறீங்க, எங்க நாத்தனார் மகனுக்கும் இப்படித்தான். இந்த நம்பருக்குப் பேசுங்க, இப்போதான் ஆரம்பிச்சிருக்காங்க’ என்று பிரஷர் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார்: 14416.

மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்பதும் இல்லை.

நான்தான் பேசினேன், ஸ்பீக்கரில் போட்டு. போனில் 23 நிமிடம் என்று காட்டியது. எடுத்த பெண் முதலில் நோயின் பெயரைக் கேட்கவில்லை. சாப்பிடுகிறானா, எத்தனை மணி நேரம் தூங்குகிறான், யாரும் பேசாதபோது குரல் கேட்கிறது என்கிறானா, குடி அல்லது கஞ்சா உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் குரலை மாற்றாமல், ‘சாகணும்னு சொல்லியிருக்காரா? யாரையாவது அடிக்கப் போயிருக்காரா?’ என்றார். நான் தயங்கினேன். சித்தி பின்னாலிருந்து, ‘ஒரு தடவை சொன்னான்’ என்றார். அது எனக்கே அன்றுதான் தெரியும். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றே வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொன்னார் அந்தப் பெண். நிலைமை கைமீறினால் உடனே 108. இல்லாவிட்டால் புதன்கிழமை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று பார்த்துச் சொன்னார். அவன் வரமாட்டான் என்றேன். ‘முதல் தடவை நீங்க மட்டும் போய் விஷயத்தைச் சொல்லுங்க. ஏமாத்தி மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க’ என்றார். காரில் நான் சொன்ன பொய் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன். அடிக்கடி கேட்கிற கதையாக இருக்கும்.

வைக்கிறதுக்கு முன்னால், ‘அம்மா பக்கத்துல இருக்காங்களா? நீங்க தூங்குறீங்களாம்மா?’ என்று கேட்டார். சித்தி பதில் சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பதினான்கு மாதத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. பிறகு ஒருநாள் சித்தியே தனியாக அந்த எண்ணுக்குப் போட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

மாவட்ட மனநலத் திட்டம் இந்தியாவில் 1996இலேயே ஆரம்பித்தது. பெங்களூரில் இருக்கிற தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் உண்டு. சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காமல் இருப்பவர்கள், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் என்றது அது. மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம், மறுக்கவில்லை. எங்கள் விஷயத்தில் மருத்துவர் இருந்தார், மாத்திரை இருந்தது, புதன்கிழமையும் வாரா வாரம் வந்துகொண்டுதான் இருந்தது.

புதன்கிழமைகள்

முதல் புதன் நானும் அவன் அக்காவும். அடுத்த புதன் அவனும் வந்தான். எப்படி வந்தான் என்றால், அக்கா முந்தின நாள் ராத்திரி பரணுக்குக் கீழே நின்றுகொண்டு உள்ளதைச் சொன்னாள்: ‘ஆஸ்பத்திரிக்குத்தான்டா. பஸ்ல போறோம். ஜன்னலோரம் நீ உக்காரு. பிடிக்கலேன்னா அடுத்த ஸ்டாப்ல இறங்கிக்கலாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவோம்.’ காலையில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு தயாராக நின்றான்.

ரிஸ்பெரிடோன் என்ற, குரல் கேட்பதைத் தணிக்கிற மாத்திரை கொடுத்தார்கள். கை கால் விறைப்பு வராமல் இருக்க இன்னொரு மாத்திரை. ஒரு மாதத்துக்கானது இலவசம். ஆறாவது வாரம் டிவி மேலிருந்த போர்வையை அவனே எடுத்து மடித்து வைத்தான். சித்தி அதைப் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் எல்லாம் நேராகப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 2023 ஏப்ரலில் மாத்திரையை நிறுத்திவிட்டான். நாக்கு தடிக்கிறது, பகலில் தூங்கி வழிகிறது, பேன்ட் பொத்தான் போட முடியவில்லை. இதையெல்லாம் எங்களிடம் சொல்லியிருந்தான். ‘மாத்திரைன்னா அப்படித்தான் இருக்கும்’ என்று நாங்கள் அடக்கிவிட்டோம். மருத்துவரிடம் சொல்லியிருந்தால் அளவை மாற்றியிருப்பார், பிற்பாடு மாற்றவும் செய்தார். ஐந்தே வாரத்தில் குரல்கள் திரும்பிவிட்டன. மறுபடி மேலே ஏற நாலு மாதம் ஆனது.

கூட்ட நாளில் ஒரு ஆளுக்கு மருத்துவர் ஒதுக்க முடிவது நாலைந்து நிமிடம். அங்கே இருந்த சமூகப் பணியாளர் ஒரு வழி சொன்னார். ஒரு துண்டுச் சீட்டில் மூன்று கேள்வி மட்டும் எழுதி வாருங்கள், அதில் ஒன்று தம்பி எழுதியதாக இருக்கட்டும் என்றார். அவன் எழுதிய முதல் கேள்வி: ‘நான் எப்போ வேலைக்குப் போகலாம்?’ எங்கள் இரண்டும் ‘எவ்வளவு நாள் மாத்திரை’, ‘கல்யாணம் பண்ணலாமா’.

சித்தப்பாவுக்கு ஒரே கவலை, இது தீராத வியாதியா என்று. அதற்கும் அந்தச் சமூகப் பணியாளர்தான் பதில் சொன்னார். சென்னையில் 1981இல் தொடங்கி, அப்போதுதான் மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் மாதிரியான மனநோய்) கண்டிருந்த 90 பேரை இருபது வருஷத்துக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு நோய் வருவதும் தணிவதுமாக இருந்திருக்கிறது. இடைவிடாமல் நோயாகவே கிடந்தவர்கள் மிகச் சிலர். அந்த ஆய்வைத் தொடர்ந்து நடத்திய ஸ்கார்ப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் 1984இல் டாக்டர் சாரதா மேனன் ஆரம்பித்தது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையைப் பல வருஷம் தலைமையேற்று நடத்தியவர். சித்தப்பாவுக்குப் பெயரெல்லாம் மனதில் நிற்கவில்லை. ‘மெட்ராஸ்ல பாத்திருக்காங்களாம், வரும் போகுமாம்’ என்று இப்போதும் சொல்வார். அவரைத் தேற்ற அவ்வளவு போதுமாக இருந்தது.

காகிதங்கள்

சிகிச்சை ஆரம்பித்த பிறகு காகித வேலை ஆரம்பித்தது. இதில் பட்ட அவதி தனி.

யாரோ ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு என்று சொன்னார்கள், வருஷத்துக்கு 1 லட்சம் வரை. விண்ணப்பம், போட்டோ, பஸ் எல்லாம் முடித்துப் போய் நின்றால், அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அறிவுசார் குறைபாட்டை மனவளர்ச்சிக் குறைபாடு என்றும் சொல்வார்கள். அதுவும் மனநோயும் வேறு வேறு. இரண்டுக்கும் முன்னால் ‘மன’ என்று இருப்பதால் கவுன்டரில் இருப்பவரே குழம்புகிறார். விண்ணப்பம் வாங்குவதற்கு முன்னால், ‘மனநோய், ஆங்கிலத்தில் மென்டல் இல்னஸ், அதுக்கு இது உண்டா?’ என்று இப்படியே கேளுங்கள்.

அப்புறம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதம் வேண்டும். மனநோய்க்கு ஊனத்தை அளக்க ஐடியாஸ் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. மதிப்பீட்டு நாளன்று சித்தப்பா கூடப் போனார். ‘தானா குளிக்கிறாரா?’ ‘நல்லா குளிப்பான் சார்.’ ‘வீட்டுக்கு ஆள் வந்தா பேசுவாரா?’ ‘எல்லார்கிட்டயும் பேசுவான் சார், தங்கமான பையன்.’ நாலு முறை சொன்னால்தான் குளிப்பான், ஆள் வந்தால் கொல்லைக்குப் போய்விடுவான் என்பது அவருக்குத் தெரியாதா? வெளி மனிதர் முன்னால் மகனை விட்டுக்கொடுக்க முடியவில்லை. 40க்குக் கீழே வந்தது. வெளியே வந்து, ‘பாத்தியா, கம்மியாத்தான் இருக்கு’ என்று சந்தோஷப்பட்டார். மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று நான் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். தம்பி வேண்டாம் என்கிறான். எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அட்டை அவனுடையது.

சட்டம் உண்மையிலேயே கை கொடுத்த இடம் இரண்டு. அந்த இல்லத்தில் என்ன ஊசி போட்டார்கள் என்று தெரிந்தால் நல்லது என்றார் மருத்துவர். போனில் கேட்டபோது வைத்துவிட்டார்கள். 2017 சட்டத்தின் 25ஆம் பிரிவு, தன் சிகிச்சைப் பதிவேடுகளைப் பெறும் உரிமையைத் தருகிறது. 27ஆம் பிரிவு, அதற்கு இலவச சட்ட உதவி. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அங்கிருந்த வக்கீல் அம்மா அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் தயாரித்தார், தம்பி கையெழுத்துப் போட்டான். மூன்று வாரத்தில் ஒரு வெள்ளைத்தாள் வந்தது. அதில் நான்கு வரி, இரண்டு ஊசிகளின் பெயர். மருத்துவர் பார்த்துவிட்டு, ‘ம், இதான் விறைச்சிருக்கு’ என்று கோப்பில் குத்தினார். கணுக்கால் விஷயத்தைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்தோம். விசாரணைக்கு அனுப்பப்பட்டதாக ஒரு பதில் வந்தது, மனு எண்ணோடு.

இரண்டாவது, நியமனப் பிரதிநிதி. நோய் முற்றித் தானாக முடிவெடுக்க முடியாத நேரம் வந்தால் தனக்காக யார் பேசுவது என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அதே 2017 சட்டத்தின் 14ஆம் பிரிவு. பத்திரம் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், கையெழுத்தோ கைநாட்டோ. அவரைக் கேட்காமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நிலை வந்தால் அந்தப் பிரதிநிதிதான் விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதுவும் முதலில் 30 நாளுக்கு மேல் கூடாது. இதைச் சமூகப் பணியாளர் விளக்கியபோது தம்பி முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டான். அன்று ராத்திரியே எழுதினான். அக்கா பெயர். சித்தப்பாவுக்கு வருத்தம்தான், இரண்டு நாள் பேசவில்லை. என் பெயரும் இல்லை. கார் ஞாபகம் அவனுக்கு இருக்குமல்லவா?

இப்போது

சைக்கிள் கடையில் காலை வேலை. மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான். ஒரு புதன்கிழமை மாத்திரை இருப்பு இல்லை என்றபோது, ‘வேற எந்த ஆஸ்பத்திரில இருக்கு, எழுதிக் குடுங்க’ என்று அவனே கேட்டு வாங்கி வந்தான். அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் சொல்லித்தான் செய்தோம்.

என்னிடம் இப்போது மாதம் இரண்டு மூன்று பேராவது கேட்டு வருகிறார்கள். எல்லாரும் ஆரம்பிப்பது தூக்கத்தில்தான். நான் கேட்பது, குரல் கேட்கிறதா, பயப்படுகிறாரா, பூச்சிமருந்து வீட்டில் இருக்கிறதா. அப்புறம் 14416, புதன்கிழமை. தற்கொலை எண்ணம் பற்றி மட்டும் பேச வேண்டுமென்றால் சென்னை சினேகா, 044-24640050, 1986லிருந்து இருக்கிறார்கள். இல்லம் தேடுபவர்களிடம் பதிவுச் சான்றிதழைக் கேட்கச் சொல்கிறேன், எப்போது வேண்டுமானாலும் பார்க்க விடுவார்களா என்று கேட்கச் சொல்கிறேன். விடமாட்டோம் என்றால் அங்கேயே திரும்பிவிட வேண்டியதுதான்.

சொன்னபடி இதை எழுதி அவனிடம் கொடுத்தேன். நோட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு இரண்டு நாள் வைத்திருந்தான். திருப்பிக் கொடுத்தபோது இரண்டு திருத்தம். பத்து கிலோ இல்லையாம், பதினாலு. அப்புறம் நோட்டில் ‘சிகிச்சைக்கு மறுத்தான்’ என்று நான் எழுதியிருந்த மூன்று இடத்திலும் கோடு போட்டு அடித்து, மேலே சின்ன எழுத்தில் ‘பயந்தேன்’ என்று எழுதியிருக்கிறான்.